‘சலாம் பாம்பே’: விருது வாங்கிய சிறுவனும் கடிதம் எழுதிய இளைஞனும்

படத்தில் ஒரு காட்சி. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு பையன் கடிதம் போட வேண்டும். அவனுக்கு எழுதத் தெரியாது. காசு வாங்கிக்கொண்டு தெருவோரத்தில் எழுதித் தருகிற ஆளிடம் போகிறான். பையன் சொல்லச் சொல்ல அந்த ஒல்லி இளைஞன் எழுதுகிறான். விலாசம் கேட்டால் பையனுக்கு அரைகுறையாகத்தான் தெரிகிறது. ஒன்றிரண்டு நிமிடம்தான், காட்சி முடிந்துவிடும்.

சொல்லிக்கொண்டிருந்த பையன் ஷஃபீக் சையத். படத்தின் நாயகன் அவன்தான். 1988-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திர விருது அவனுக்குக் கிடைத்தது. எழுதிக்கொண்டிருந்த இளைஞன் இர்ஃபான் கான். அப்போது அவரை யாருக்கும் தெரியாது. படம் பார்த்து வந்தவர்களில் அந்த முகத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ.

கால் நூற்றாண்டு கழித்து முதலாமவர் பெங்களூரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாமவர் ஹாலிவுட்டில் டைனோசர் படத்தில் இருந்தார்.

இந்த ஒப்பீட்டைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. ‘விதி’ என்று ஒரு வார்த்தை போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வார்த்தையில் சலிப்பு. ஒரே படம், ஒரே இயக்குநர், ஒரே பயிற்சிப் பட்டறை. அங்கிருந்து கிளம்பியவர்கள் ஏன் இப்படி வெவ்வேறு திசையில் போனார்கள் என்று பிரித்துப் பார்த்தால், விதியைவிடச் சாதாரணமான காரணங்கள் தென்படுகின்றன.

படம் உருவான விதம்

‘சலாம் பாம்பே’ மீரா நாயரின் முதல் கதைப்படம். அதற்கு முன்பு அவர் எடுத்ததெல்லாம் ஆவணப்படங்கள். 1985-இல் வந்த ‘இந்தியா காபரே’ அவற்றில் ஒன்று. திரைக்கதை சூனி தாராபோர்வாலா. இசை எல். சுப்பிரமணியம், சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அதே வயலின் சுப்பிரமணியம்தான். பம்பாய் ஸ்டுடியோ முதலாளிகள் யாரும் இதில் பணம் போடவில்லை. பிரிட்டனின் சேனல் 4 டிவி, இங்கே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) என்று பல இடங்களில் திரட்டிய காசு. ஃபாக்லாண்ட் ரோடு, கிராண்ட் ரோடு பக்கம் நிஜத் தெருக்களிலேயே படப்பிடிப்பு.

கதை எளிது. கிருஷ்ணா என்ற சிறுவன் வீட்டில் 500 ரூபாய்க்குச் சேதம் பண்ணிவிடுகிறான். அந்தப் பணத்தைச் சம்பாதித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வரவேண்டும். வேலை பார்த்த சர்க்கஸ் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ரயிலேறி பம்பாய் வந்து டீ எடுத்துக் கொடுக்கிற பையன் ஆகிறான். அவனைச் சுற்றிப் போதைப்பொருள் விற்கும் சில்லம், தரகன் பாபா, பாலியல் தொழில் செய்யும் ரேகா, அவள் மகள் மஞ்சு.

பெரியவர்கள் வேடங்களுக்குத் தொழில்முறை நடிகர்கள். பிள்ளைகள் வேடங்களுக்கு நிஜமாகவே தெருவில் வாழ்ந்த பிள்ளைகள். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே சட்டகத்தில் ஒட்ட வைப்பதுதான் படத்தின் பெரிய சவால். அதற்காக ஒரு பட்டறை நடத்தினார்கள். டெல்லியில் நாடகம் சொல்லிக்கொடுத்து வந்த பேரி ஜான்தான் வாத்தியார். முதலில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்து, அவர்களில் சுமார் இரண்டு டஜன் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஷஃபீக் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன விவரம் இது. பெங்களூரின் குடிசைப் பகுதியிலிருந்து வீட்டை விட்டு ஓடிப்போனவர் அவர். இந்திப் படத்தில் காட்டுகிற பம்பாய் நிஜமாகவே அப்படி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது ஒரு காரணம். சர்ச்கேட் ரயில் நிலையப் பக்கம் படுத்துக் கிடந்த நாட்களில் ஒரு பெண்மணி வந்து, நடிப்புப் பயிற்சிக்கு வந்தால் தினம் 20 ரூபாய் என்றாராம். கூட இருந்த பையன்கள் இது ஏதோ ஏமாற்று வேலை என்று ஓடிவிட்டார்கள். இவருக்குப் பசி. போனார்.

கலை ஆர்வத்தில் அல்ல, பசியில்தான் போனார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது ஒரு வேலை. அதுவரை கிடைத்த வேலைகளில் நல்ல வேலை.

அழுதவர்

இர்ஃபான் வந்த வழி வேறு. ராஜஸ்தானில் பிறந்து, டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். வயது இருபது. மீரா நாயர் அங்கே வந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கொடுத்தது தெருப் பிள்ளைகள் கூட்டத்தில் ஒருவனான சலீம் என்கிற முக்கியமான வேடம். இர்ஃபான் பம்பாய் வந்தார். சில்லமாக நடித்த ரகுவீர் யாதவுடன் தங்கினார். தெருப் பிள்ளைகளோடு அதே பட்டறையில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தார்.

படப்பிடிப்பு நெருங்கும்போது நாயருக்கு ஒரு பிரச்சினை தெரிந்தது. சாப்பாடு இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவில் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவர் நின்றால் கண்ணை உறுத்துகிறது. உடம்பு மட்டுமில்லை, நாடகப் பள்ளியில் பழகிய நடிப்பும் தனியாகத் தெரிகிறது. வேடத்தை எடுத்துவிட்டார். பதிலுக்குக் கொடுத்தது அந்தக் கடிதம் எழுதும் ஆள்.

அன்று இரவு முழுக்க அழுததாக இர்ஃபான் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உனக்கு ஒரு பெரிய வேடம் தருவேன் என்று அப்போது வாக்குக் கொடுத்ததாக நாயர் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கு நிறைவேறியது 2006-இல், ‘தி நேம்சேக்’ படத்தில். நடுவில் போனது பதினெட்டு வருஷம்.

அந்தப் பதினெட்டு வருஷத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும். இர்ஃபானுக்கு உடனே சினிமா கிடைக்கவில்லை. டிவிக்குப் போனார். ‘சாணக்யா’, ‘சந்திரகாந்தா’, ‘பனேகி அப்னி பாத்’ என்று தொடர்கள். தொண்ணூறுகளில் தூர்தர்ஷனும் புதிதாக வந்த சேனல்களும் நாடகப் பள்ளி மாணவர்களுக்குச் சோறு போட்டன. வாரம் ஒரு எபிசோடு, மாதம் கொஞ்சம் பணம், வசனம் மனப்பாடம் செய்யும் பழக்கம் விடாமல் இருக்கும். நடிப்பையே விட்டுவிடலாமா என்று அவர் யோசித்த காலமும் உண்டு. 2001-இல் ஆசிஃப் கபாடியா என்ற பிரிட்டிஷ் இயக்குநர் ‘தி வாரியர்’ படத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார். அப்புறம் 2003-இல் ‘மக்பூல்’. அதன் பிறகுதான் நாம் அறிந்த இர்ஃபான்: ‘ஸ்லம்டாக் மில்லியனர்’, ‘லைஃப் ஆஃப் பை’, ‘தி லஞ்ச்பாக்ஸ்’, ‘ஜுராசிக் வேர்ல்ட்’. 2011-இல் பத்மஸ்ரீ. ‘பான் சிங் தோமர்’ படத்துக்காகத் தேசிய விருது. 2020 ஏப்ரல் 29-ஆம் தேதி இறந்தபோது வயது 53.

சுருக்கமாகச் சொன்னால், இந்தப் படத்தில் அவர் தோற்றார். ஆனால் காத்திருக்க ஒரு திண்ணை இருந்தது.

ஏற்கெனவே ஏணியில் இருந்தவர்கள்

நானா படேகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறு வயதில் சாலையில் ஜீப்ரா கிராஸிங் கோடுகளுக்கு வண்ணம் பூசியவர், சினிமா போஸ்டர் வரைந்தவர், ஜே.ஜே. கலைக்கல்லூரியில் படித்தவர், மராத்தி மேடையில் பெயர் எடுத்தவர். 1986-இல் ‘அங்குஷ்’ வந்துவிட்டது. பாபா வேடத்தில் காட்டிய அந்த அமைதியான மிரட்டலைத்தான் 1989-இல் ‘பரிந்தா’ பெரிய திரைக்குக் கொண்டுபோனது. தேசிய விருதும் வந்தது. ‘சலாம் பாம்பே’ இல்லாவிட்டாலும் அவர் மேலே வந்திருப்பார். நம்மூரில் பாரதிராஜாவின் ‘பொம்மலாட்டம்’ படத்திலும், முப்பது வருஷம் கழித்து மறுபடியும் பம்பாய்க் கதையான ‘காலா’விலும் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

ரகுவீர் யாதவ் எனக்குப் பிடித்த உதாரணம். அவரும் வீட்டை விட்டு ஓடியவர்தான்! ஜபல்பூர் பக்கத்தில் பரீட்சைக்குப் பயந்து ஓடி, ஊர் ஊராகப் போகும் ஒரு பார்சி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். தினக்கூலி இரண்டரை ரூபாய். கூடாரம் அடிப்பதும் பாட்டுப் பாடுவதும் அங்கே ஒரே வேலைதான். அங்கேயே பல வருஷம் தொழில் கற்றார். பிறகு தேசிய நாடகப் பள்ளி, அதன் தொழில்முறை நாடகக் குழுவான ரெபர்ட்டரி. 1985-இல் ‘மாஸி சாஹிப்’. அதாவது சில்லம் வேடத்துக்கு வரும்போது அவர் கையில் பல வருஷத் தொழில் இருந்தது.

அவர் பெரிய நட்சத்திரம் ஆகவே இல்லை. ஆனால் வேலை நின்றதும் இல்லை. தூர்தர்ஷனில் ‘முங்கேரிலால்’, பிறகு ‘லகான்’, ‘பீப்லி லைவ்’, ‘நியூட்டன்’. அறுபதைத் தாண்டிய வயதில், 2020-இல், ‘பஞ்சாயத்’ தொடரில் ஊர்த்தலைவர் பிரதான்ஜியாகப் புதுத் தலைமுறைக்கு அறிமுகமானார். ஓடிப்போன இன்னொரு பையன் கதை இது. ஷஃபீக் கதையோடு வைத்துப் பாருங்கள்: ஒருவர் ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் நாடகக் கம்பெனி, இன்னொருவர் சேர்ந்த இடம் ரயில் நிலையம்.

ரேகாவாக நடித்த அனிதா கன்வர் ‘புனியாத்’ தொடரால் அப்போதே வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். படத்தில் அவருடைய வேலை அற்புதமானது. குழந்தையைப் பறிகொடுக்கும் தாய் வேடத்தில் ஒரு சொட்டு மிகை கிடையாது. அதன் பிறகு சில படங்கள், அப்புறம் மெல்ல விலகிவிட்டார். வெளிநாட்டுப் பத்திரிகையாளராகச் சிறு வேடத்தில் வந்த சஞ்சனா கபூர் நடிப்பைத் தொடராமல், குடும்பத்தின் பிருத்வி தியேட்டரைப் பல வருஷம் நடத்தினார். 2012-இல் ‘ஜுனூன்’ என்ற கலை அமைப்பைத் தொடங்கினார். விலகுவதற்கும் திசை மாற்றுவதற்கும் வசதி இருந்தவர்கள் இவர்கள். அது குற்றமில்லை. ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டிய விஷயம்.

ஷஃபீக்

1988 மே மாதம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் ‘சலாம் பாம்பே’ கேமரா டோர் பரிசு வாங்கியது. முதல் படம் எடுக்கும் இயக்குநருக்குத் தரும் பரிசு அது. பார்வையாளர் பரிசும் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆஸ்கரின் வெளிமொழிப் பட இறுதிப் பட்டியலில் வந்தது. ‘மதர் இந்தியா’வுக்குப் பிறகு அந்த இடத்துக்குப் போன இரண்டாவது இந்தியப் படம்.

இந்தச் சமயத்தில் ஷஃபீக்குக்கு வேலை இல்லை. தயாரிப்பாளர் அலுவலகங்களுக்கு அலைந்ததாகச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு படம் கிடைத்தது: கௌதம் கோஷ் இயக்கிய ‘பதங்’. பீகாரில் நடக்கும் கதை; ஷபானா ஆஸ்மி, ஓம் புரியோடு நடித்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் படம் வந்தது. அதோடு சரி. பெங்களூருக்குத் திரும்பினார். கன்னட டிவி தொடர்களில் கேமரா பிரிவில் உதவி வேலை, மற்ற நாட்களில் ஆட்டோ. கல்யாணம், பிள்ளைகள்.

ஏன் மூன்றாவது படம் வரவில்லை?

முதல் காரணம் வயது. பன்னிரண்டு வயதுத் தெருப் பையனுக்குக் கதை உண்டு. பதினேழு வயதுத் தெருப் பையனுக்கு இந்திப் படத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: வில்லனின் அடியாள் கூட்டத்தில் நிற்பது. அதற்குத் தேசிய விருது தேவையில்லை, உடம்பு தேவை.

இரண்டாவது காரணம் அந்தப் பட்டறையின் இயல்பிலேயே இருந்தது. பேரி ஜான் அந்தப் பிள்ளைகளுக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்தார் என்பதைவிட, இந்திப் படம் பார்த்துக் கற்ற நடிப்பை அவர்களிடமிருந்து கழற்றினார் என்பதே சரி. சுயாதீனப் படத்துக்கு அந்தக் கழற்றல்தான் உயிர். ஷஃபீக்கின் முகத்தில் பொய் இல்லை என்று உலகம் பாராட்டியது இதனால்தான். ஆனால் அடுத்த தெருவில் இருந்த வணிக சினிமா கேட்டது கழற்றிப் போட்ட அதே பொருளை. நடனம், சண்டை, ஓங்கிய குரல். ஆக, கற்ற தொழிலுக்கு ஊரில் ஒரே ஒரு கடைதான். அந்தக் கடையும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும்.

மூன்றாவது, படிப்பு. இதைச் சொல்ல பிரேசிலுக்குப் போக வேண்டும். ‘சலாம் பாம்பே’க்கு முன்னோடி என்று நாயரே குறிப்பிடும் படம், ஹெக்டர் பாபென்கோ எடுத்த ‘பிஷோட்டே’. சாவோ பாலோவின் தெருப் பிள்ளைகளை வைத்து எடுத்தது. அதில் தலைப்பு வேடத்தில் நடித்த ஃபெர்னாண்டோ ராமோஸ் டா சில்வா என்ற சிறுவனுக்குப் படம் வெற்றி பெற்றதும் பெரிய டிவி நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் தந்தது. வேலை நிலைக்கவில்லை. காரணம், வசனத் தாளைப் படிக்க அவனுக்கு எழுத்து வராது. 1987 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றது. பம்பாயில் இந்தப் படத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு.

தொழில்முறை நடிப்பு என்பது பாதி படிப்பு வேலை. தாள் வரும், மறுநாள் வசனம் சொல்ல வேண்டும். பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. டிவி தொடரில் யார் உட்காருவார்கள்? இர்ஃபானுக்குத் திண்ணையாக இருந்த அந்த டிவி, பள்ளிக்கூடம் முழுதாகப் பார்க்காத பிள்ளைகளுக்குப் பூட்டிய கதவு. கடிதக் காட்சியை மறுபடி பார்க்கும்போது எனக்கு இதுதான் தோன்றும். எழுதத் தெரிந்தவரும் தெரியாதவனும் ஒரே சட்டகத்தில்.

மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊரையும். பம்பாயில் தங்க வீடு இல்லாதவர் ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பதிலை எத்தனை வாரம் கேட்டுக்கொண்டிருக்க முடியும்?

நம்மூரில் ‘காக்கா முட்டை’யையும் இதே கண்ணால் பார்க்கலாம். தேசிய விருது இரண்டு சிறுவர்களுக்கு. ஆனால் படத்துக்குப் பிறகு கதாநாயகி வேடங்கள் வரிசையாக வந்தது அவர்களுக்கு அம்மாவாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷுக்கு.

படக்குழு என்ன செய்தது

மீரா நாயர் படம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு போய்விடவில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 1988-இல் ‘சலாம் பாலக்’ அறக்கட்டளை தொடங்கியது. டெல்லியில் அதை முன்னின்று நடத்தியவர் அவருடைய அம்மா பிரவீண் நாயர். புது டெல்லி ரயில் நிலையத்தில் ரயில்வே போலீஸ் கட்டடத்தின் மாடி வராந்தாவில், 25 பிள்ளைகளோடு ஆரம்பித்தார்கள். இன்றும் நடக்கிறது. அங்கே வளர்ந்த இளைஞர்கள் பஹாட்கஞ்ச் தெருக்களைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணங்கள் பிரபலம். புகைப்படக் கலைஞர் விக்கி ராய் அங்கே வளர்ந்தவர்தான்.

ஒரு படத்திலிருந்து இத்தனை வருஷம் நீடிக்கும் அமைப்பு பிறப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் கொஞ்சம் நுணுக்கமாகப் பாருங்கள். அறக்கட்டளை தெருப் பிள்ளைகளுக்கானது, நடிகர்களுக்கானது அல்ல. ஷஃபீக் தெருப் பிள்ளையாக இருந்தவரைக்கும் அவருக்கு அதில் இடம் உண்டு. ‘நான் ஒரு நடிகன், அடுத்த வேடம் எங்கே?’ என்று கேட்டால் அதற்கு அங்கே பதில் கிடையாது. இர்ஃபானுக்கு நாயர் கொடுத்த வாக்கு ஒரு நடிகருக்கு இன்னொரு தொழில்காரர் கொடுத்த வாக்கு. பிள்ளைகளுக்குக் கிடைத்தது பராமரிப்பு. இரண்டும் அன்புதான், ஆனால் ஒன்றுதான் தொழில் சம்பந்தப்பட்டது.

நாயரைக் குறை சொல்லவில்லை. வேறு எந்த இயக்குநரும் இந்த அளவுக்குக்கூடச் செய்ததில்லை என்பதே உண்மைக்கு நெருக்கம். இருபது வருஷம் கழித்து ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ஆஸ்கர் வாங்கியபோது அதே கேள்வி மறுபடி எழுந்தது. அங்கே இயக்குநரும் தயாரிப்பாளரும் ‘ஜெய் ஹோ’ என்ற பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்து, பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். படிப்பை முன்னால் வைத்தது நல்ல மாற்றம்.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தைக் கலைஞர்களை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தப் பிள்ளை பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். பதினெட்டு வயதானதும் கையில் கிடைக்கும். படம் மறுபடி மறுபடி விற்கும்போது நடிகருக்கும் பங்கு என்ற எண்ணம் 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தத்தில் எழுத்தளவில் வந்தது. பாடகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ராயல்டி வாங்கத் தொடங்கினார்கள். நடிகர்கள் விஷயத்தில் அது இன்னும் ஏட்டில்தான்.

வைப்புநிதி பதினெட்டு வயதில் வரும், சரி. வேடம் நின்றுபோவது பதினைந்தில். அந்த மூன்று வருஷத்துக்கு எந்த விதியிலும் வரி இல்லை.

2009-இல் ‘ஸ்லம்டாக்’ பரபரப்பில் செய்தியாளர்கள் ஷஃபீக்கைத் தேடிப் பெங்களூர் போனார்கள். ஆட்டோவோடு நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். விருது வாங்கிய பையன் ஆட்டோ ஓட்டுகிறான் என்பதுதான் தலைப்பு. ஆட்டோ ஓட்டுவது ஏதோ கீழான விஷயம் மாதிரி. அவர் அந்தப் பேட்டிகளில் அவர்களிடம் இன்னொன்றும் சொன்னார். தன் வாழ்க்கையை ஒரு திரைக்கதையாக எழுதி வைத்திருக்கிறாராம். அதற்கு வைத்த பெயர்: ‘சலாம் பாம்பேக்குப் பிறகு’.